இரவல் விரல்

எழிலரசியின் பத்து விரல்களில் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவளுக்குச் சொந்தம். மற்ற ஒன்பதும் பிறத்தியாருடையவை. வலது கட்டைவிரல் முத்தம்மாள். இடது கை மோதிர விரல் கொளஞ்சியம்மாள். ஒருநாள் வெங்காயம் நறுக்கும்போது கட்டைவிரலில் அரிவாள்மணை பட்டுவிட, மறுநாள் முந்திரி உடைக்கும் ஷெட்டில் முத்தம்மாளைப் பார்த்து, உனக்கு நேற்று அடிபட்டுவிட்டது, ஜாக்கிரதையாக இரு என்றாள். உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் கொட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். இந்தக் கதையில் சிரிப்பு அவ்வளவுதான். பிறகு தேடினாலும் கிடைக்காது.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் ரோட்டில் இருந்த முந்திரி கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். பண்ருட்டிப் பக்கமிருந்து லாரியில் வரும் கொட்டையை ஆவியில் வேகவைத்து, உடைத்து, பருப்பைக் காயவைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். கொட்டை உடைக்கும் ஷெட் எழிலரசியின் பொறுப்பு. பிளஸ் டூ படித்திருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த வருஷமே தோல் உரிக்க வந்தவளை, படிப்பைப் பார்த்து மேலே ஏற்றிவிட்டார்கள். ஒரே மகள் மாலதியைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் முதலாளியின் மகன் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்து ஆபீசில் உட்கார்ந்தார். கத்துகிற ஆளில்லை. பெண்களை வாங்க போங்க என்றுதான் பேசுவார். இனி எல்லாம் கம்ப்யூட்டர் என்றார். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் அச்சடித்த தாளில் கேட்கிறார்களாம். ஒரு சனிக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, சுவரில் படம் காட்டி, ஆளுக்கொரு பாட்டில் கலர் சோடாவும் கொடுத்தார். மாற்றத்தை மிஷின் கொண்டுவராது, மனிதர்கள்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டு, உங்களில் ஒருவர்தான் இதை முன்னே நின்று நடத்தப்போகிறார் என்று எழிலரசியைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? அவளைக் காட்டி யாரும் கைதட்டி அவள் பார்த்ததில்லை.

கைரேகை மிஷின் வரப்போகிறது என்றதும் ஷெட்டில் பயம் பிடித்துக்கொண்டது. கைநாட்டு வாங்கி நிலத்தை எழுதிக்கொண்ட கதை அங்கே எல்லார் குடும்பத்திலும் ஒன்று உண்டு. எழிலரசி வேலை முடிந்து வீடு வீடாகப் போனாள். புருஷன்களிடம் பேசினாள், மாமியார்களிடம் பேசினாள். வந்த ஆளை வரவில்லை என்று இனி எந்தக் கணக்குப்பிள்ளையும் ஏமாற்ற முடியாது, உங்கள் நல்லதுக்குத்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். முதலில் ஒப்புக்கொண்டவள் கொளஞ்சியம்மாள். அடுத்த தெருக்காரி, எழிலரசியைவிட நாலைந்து வயது மூத்தவள், ஷெட்டிலேயே வேகமாக உடைக்கிறவள். மிஷின் என்றால் என்ன என்றுகூட அவள் கேட்கவில்லை. எழிலு சொன்னால் சரி என்றாள். அவள் சரியென்றதும் மற்றவர்களும் சரியென்றார்கள்.

விரல் பதிகிற நாளில் தோல் உரிக்கிறவர்களுக்கும் தரம் பிரிக்கிறவர்களுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. மிஷினுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் நன்றி சொன்னது. கேட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே திரும்ப ஒரு தடவை வைத்துப் பார்த்தார்கள். பிறகு கொட்டை உடைக்கிறவர்கள் வந்தார்கள். முத்தம்மாள் வைத்தாள், சிவப்பு விளக்கு. கொளஞ்சியம்மாள் வைத்தாள், சிவப்பு விளக்கு. வருஷக்கணக்காக உடைத்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் பச்சை எரியவில்லை.

முந்திரிக்கொட்டை ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு. பட்டால் தோலைத் தின்றுவிடும். விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள், என்றாலும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? விரல் நுனியில் ரேகை என்று ஒன்று மிச்சம் இருக்காது. இது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். மிஷின் வாங்கும்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எழிலரசிக்கும் வரவில்லை. வீடு வீடாகப் போனாளே, அத்தனை வீட்டிலும் அந்தக் கைகளில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார்கள். தயிரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். மிஷின் மாட்ட வந்த புதுச்சேரிக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய், இவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு நம்பர் கொடுத்து அமுக்கச் சொல்லலாம் என்றார். முதலாளி மகன் ஒப்பவில்லை. நம்பரை யார் வேண்டுமானாலும் யாருக்காக வேண்டுமானாலும் அமுக்கலாம், விரலை யாரும் இரவல் தர முடியாது, அதற்குத்தானே இவ்வளவு செலவு என்றார். பதியாதவர்களுக்கு ஒரு வாரம் டைம் கொடுத்தார்.

அந்த வாரத்தில் மேனேஜர் தேவசகாயம் எழிலரசியைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். நல்லவர்களுக்கே உரிய ஒரு பயமும் அவரிடம் உண்டு. உடைக்கிறவர்கள் போய்விட்டால் கம்பெனியே நின்றுவிடும், புதிதாக ஆள் பிடித்துப் பழக்க ஒரு வருஷம் ஆகும் என்று புலம்பினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எப்புடியாவது பன்னெண்டு பேரையும் ஏத்திடும்மா. எப்புடின்னு எங்கிட்ட சொல்லாத" என்றார்.

எழிலரசி தன் கைகளைப் பார்த்தாள். அவள் விரல்களில் ரேகை சுத்தமாக இருந்தது. ஒரே விரலை இரண்டு பேருக்கு வைத்தால் மிஷின் கண்டுபிடித்துவிடும். வேறு வேறு விரலென்றால் அதற்கு வேறு வேறு ஆள். பன்னிரண்டு பேர், ஒன்பது விரல். மூன்று பேரை வெளியே களத்தில் ஓடு காயவைக்கக் காண்டிராக்டரிடம் தள்ளிவிட வேண்டும், அங்கே மிஷின் கிடையாது, வேலையும் நிச்சயம் கிடையாது. அந்த மூன்று பேர் யார் என்று சொல்வது அவள் பொறுப்பாயிற்று. அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தேவசகாயத்தை விட்டுச் சொல்லவைத்தாள். கடைசியாக ஒரு விரல் மிச்சமிருந்தபோதுதான் கொளஞ்சியம்மாள் வந்து நின்றாள். அவள் சண்டை போடவில்லை.

"எனக்கு ஒரு வெரலு இருக்குமா எழிலு?" என்று மட்டும் கேட்டாள்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, சாயங்காலம் எல்லோருக்கும் பின்னால் கிளம்பினாள் எழிலரசி. தேவசகாயம் அந்த நேரத்தில் எதையாவது பார்க்க குடோனுக்குப் போய்விடுவார். மிஷின் பத்து தடவை நன்றி சொல்லும். பெண்கள் அவள் விரல்களைக் கோவில் சாமானைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். பாத்திரம் துலக்கவிடவில்லை. ஒருத்தி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் திட்டினால் ஷெட்டில் இப்போது எதிர்ப்பேச்சு கிடையாது. முன்பெல்லாம் ஒன்று சொன்னால் நாலு கேட்கிற வாய்கள். அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் பிடிக்கவும் செய்தது.

ஆனால் அவள் காய்ச்சலில் படுக்க முடியாது. ஊருக்குப் போக முடியாது. மாலதிக்கு வளைகாப்பு நடந்த அன்றுகூட, வந்து விரல் வைத்துவிட்டு பஸ் பிடித்துப் போய், வளையலை அடுக்கிவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பி ஓடிவந்தாள். சம்பந்தி வீட்டில் முகம் சுளித்தார்கள். பெற்ற மகளைவிடப் பெரிய வேலை என்ன வேலை என்று கேட்டார்கள்.

மார்கழி மாதம். விடிவதற்குள் மருமகன் போன் செய்தார். மாலதிக்கு நாளுக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது, சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, ரத்தம் போகிறது, உடனே வரவேண்டும். இந்தத் தடவை எழிலரசி யோசிக்கவில்லை. முத்தம்மாளைக் கூப்பிட்டு, இன்று யாரும் வரவேண்டாம், எட்டுப் பேருக்கும் சொல்லிவிடு என்றாள். ஆனால் முந்தின நாள் வேகவைத்த கொட்டை ஷெட்டில் குவிந்து கிடந்தது, வெளியே போன மூன்று பேருக்குப் பதிலாகப் புதிதாக வந்த பெண்கள் கைக்கு அது அகப்படாது. பஸ்ஸுக்கு நின்றுகொண்டே கொளஞ்சியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீ மட்டும் போயி இன்னிக்கி ஒரு நாளு ஷெட்ட பாத்துக்கயேன். வெரலுக்கு நான் நாளைக்கி வந்து மேனேஜர்கிட்ட சொல்லி சேத்துக்கிறேன்."

கொளஞ்சியம்மாளுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்று முன்பே சொன்னேன். போனாள்.

காலை பத்து மணிவாக்கில் மாலதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். துணியில் சுற்றிக் கொடுத்த பேரன், நீட்டிய கையில் அகப்பட்ட விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். பார்த்தால் அது இடது கை மோதிர விரல், கொளஞ்சியம்மாள். எழிலரசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கக் கீழே இறங்கினாள்.

வாசலில் கம்பெனி வேன் நின்றது.

கொட்டை வேகவைக்கிற கொதிகலனின் மூடி பிடி கழன்று திறந்துகொண்டதாம். பக்கத்தில் கூடையோடு நின்ற கொளஞ்சியம்மாள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கியிருக்கிறாள். முகம் தப்பித்தது. வெந்த காயத்துக்குச் சிதம்பரம்தான் சரி என்று, முழங்கை வரைக்கும் இரண்டு கையையும் வாழை இலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தார்கள். ஸ்டிரெச்சரில் கிடந்தவள் எழிலரசியைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குனிந்து காதைக் கொடுத்தாள் எழிலரசி.

"மாலதிக்கி என்னா கொழந்த?"

"பையன்க்கா" என்றாள். தன்னை யாராவது அங்கேயே செருப்பால் அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் அடிக்கவில்லை. கொளஞ்சியம்மாளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கைகளை வெட்டி எடுக்கவில்லை, ஆனால் கைகளாகவும் இல்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. இனி கொட்டையும் உடைக்க முடியாது, ஒரு குடம் தண்ணீரும் தூக்க முடியாது. வேலையில் பட்ட காயமென்றால் ஆயுசுக்கும் மாதாமாதம் உதவித்தொகை உண்டு, அதை வைத்து ஒரு வயிறு பிழைத்துக்கொள்ளலாம். புருஷனும் பிள்ளையும் இல்லாதவளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் கம்பெனி கம்ப்யூட்டர் தாளை எடுத்து நீட்டியது. அன்றைக்குக் கொளஞ்சியம்மாள் வேலைக்கு வரவில்லை. மிஷினில் விரல் வைக்கவில்லை. அடுப்புக்கு ஓடு பொறுக்க உள்ளே நுழைந்திருக்கிறாள் போலிருக்கிறது, பாவம், என்றார் முதலாளி மகன். பாவம் என்று சொன்னபோது அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

உதவித்தொகைக்குப் போட்ட மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் எழிலரசி சாட்சி சொல்லத் தீர்மானித்தாள். அது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முத்தம்மாளும் மற்றவர்களும் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நீ உண்மையைச் சொன்னால் எங்கள் எட்டுப் பேர் வேலையும் போகும், போலீஸ்கூட வரும் என்றார்கள். ஒருத்தி அழுதாள். முத்தம்மாள் அழவில்லை.

"அவ கையி பூட்டுச்சு எழிலு. எங்க கையாவது இருக்கட்டும்" என்றாள்.

சரியான பேச்சுதானே. எழிலரசி விடியும்வரை கணக்குப் போட்டாள். எட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நியாயம். ஆனால் அந்த ஒன்றை ஷெட்டுக்குப் போகச் சொன்ன வாயும் அதே வாய். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கணக்கு அறுந்துபோயிற்று.

மறுநாள் ஆபீஸ் அறையில் அதிகாரி, முதலாளி மகன், தேவசகாயம் மூவரும் இருக்க, எழிலரசி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது விரலையும் சொன்னாள். தேவசகாயம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி நம்பாத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி மகன், இப்படி நடக்க வழியே இல்லை, இந்த அம்மா சிநேகிதிக்காகக் கதை கட்டுகிறார்கள் என்றார்.

எழிலரசிக்குச் சுருக்கென்றது. எழுந்து வாசலுக்குப் போனாள். அதிகாரி பின்னாலேயே வந்தார். எல்லோரும் பார்க்க இடது கை மோதிர விரலை மிஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கொளஞ்சியம்மாள் என்று பெயர் வந்தது. மிஷின் நன்றி சொன்னது.

அதிகாரி அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு, இது போதும்மா, நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். எழிலரசிக்கு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூச்சு முழுசாக வந்தது. வேலை போகும், போகட்டும். அக்காவுக்குச் சோறு கிடைத்துவிடும்.

வேலை போயிற்று. எட்டுப் பேரையும் நிறுத்தவில்லை, கம்பெனிக்கு அவர்கள் கை வேண்டும். எல்லோரையும் காண்டிராக்டர் ஆட்களாக மாற்றிவிட்டார்கள். அதே ஷெட், அதே கொட்டை, பாதிக் கூலி, மிஷின் கிடையாது. முத்தம்மாள் தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கமாகப் போனாள். எழிலரசி முதுநகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துவைக்கும் வேலைக்குப் போனாள். விடிந்ததும் அடுத்த தெருவுக்குப் போய்க் கொளஞ்சியம்மாளுக்குத் தலை வாரி, ஊட்டிவிட்டு வருவாள். சாயங்காலமும் அப்படியே. உதவித்தொகை வந்துவிடும், வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் போயிற்று.

விசாரித்த அதிகாரி நடுவில் மாற்றலாகி எங்கோ போய்விட்டார். அவர் எழுதியதாகச் சொன்னதும் போன இடம் தெரியவில்லை. புதிதாக வந்தவர் கம்பெனியிடம் கம்ப்யூட்டர் தாளைக் கேட்டு வாங்கி, மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். காரணம் என்னவென்று கேட்கப் போன எழிலரசியை அந்த ஆபீசில் யாரும் உட்காரச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கடலூர் பஸ் ஸ்டாண்டில் தேவசகாயத்தைப் பார்த்தாள். ஒரேயடியாக நரைத்துப் போயிருந்தார். ஒதுங்கிப்போகப் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, நின்றார்.

காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது. தாளை அச்சடித்து அனுப்பியதே அவர்தான். விபத்து நடந்த அன்று கொளஞ்சியம்மாள் வரவில்லை என்று இருக்கிறது, சரி. அது மட்டுமென்றால்கூடப் பேசிப் பார்த்திருக்கலாம்.

"அதுக்கப்பறம் ஒரு நாளு வேலைக்கி வந்திருக்காங்கன்னு இருக்கும்மா. விசாரணை அன்னிக்கி நீங்க வச்சிங்களே, அந்த வெரலு. கையி வெந்தவங்க இருவது நாள்ல எப்புடி வேலைக்கி வந்தாங்கன்னு கேக்குறாங்க."

அதை அழித்திருக்கலாமே என்று எழிலரசி கேட்டாள். அழிக்க முடியாதாம். பழசை யாரும் திருத்தக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மிஷினையே வாங்கியது என்றார். சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பண்ருட்டி பஸ் வந்தது, ஏறிப் போனார்.

அன்று சாயங்காலம் கொளஞ்சியம்மாள் வீட்டில் ரசம் வைத்து, சோற்றைப் பிசைந்து உட்கார்ந்தாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். மனு தள்ளுபடியானதைச் சொன்னாள். தான் மிஷினில் வைத்த விரல்தான் அதற்குக் காரணம் என்பதையும் சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை.

கொளஞ்சியம்மாள் வாயிலிருந்ததை மென்று முழுங்கினாள். ஒட்டிப்போன இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. தோல் புதிதாக வளர்ந்து வழுவழுவென்று மின்னியது.

"அப்ப அந்த மிஷினுல நான் இன்னும் வேலையிலதான் இருக்கேனா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

கொளஞ்சியம்மாள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். பிறகு அடுத்த உருண்டைக்கு வாயைத் திறக்கும் முன்னால் சொன்னாள்.

"நாளைக்கி லீவு சொல்லிடு எழிலு. கையி ஜாஸ்தியா வலிக்கிது."